இரண்டு வருஷம் போதுமா, நான்கு வருஷம் வேண்டுமா?

ப்ளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதத்தில் கோவையில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் ஒரே பேச்சுத்தான். "பையனை எதில் சேர்க்கப் போறீங்க? எவ்வளவு ஆகும்? முடிச்சா என்ன சம்பளம் வரும்?" இது இந்தக் காலத்துப் பெற்றோரின் கவலை என்று பலர் நினைக்கிறார்கள். இதே கேள்வி ஏறக்குறைய 80 வருஷங்களுக்கு முன்பு இதே ஊரில் ஒரு கல்லூரிக்குள் பெரிய சர்ச்சையாக எழுந்தது. எழுப்பியவர் ஜி.டி. நாயுடு.

நாயுடுவைப் பற்றி நம் வயதுக்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டும் என்பதற்காகவே கோவைக்கு வந்து ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கி, அதையே யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்த்தவர். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து கோவையில் மின்சார மோட்டார் செய்து காட்டியவர்.

1945இல் கோவையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் சர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அது உருவாக முன்நின்றவர் நாயுடு. அதன் பிரின்சிபாலாகவும் இருந்தார். மூன்றாம் வகுப்பு படித்தவர் இன்ஜினியரிங் கல்லூரிக்கு பிரின்சிபால்! இன்று அப்படி ஒன்றை நினைத்துப் பார்க்க முடியுமா? அந்தக் கல்லூரிதான் இப்போது தடாகம் ரோட்டில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, நாம் ஜி.சி.டி. என்று சொல்வது.

அந்தப் பதவியில் அவர் நிலைக்கவில்லை. அரசாங்கம் நான்கு வருஷப் படிப்பு என்றது. நாயுடு, நான்கு வருஷம் மாணவனின் காலத்தை வீணாக்குவது, இரண்டு வருஷமே தாராளம் என்றார். அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் விலகிக்கொண்டார்.

இந்தக் கதையை நம் ஊரில் நாயுடுவின் பிடிவாதத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு கணக்கு தெரிகிறது. படிப்பின் விலை என்ன என்ற கணக்கு. கல்லூரிக்குக் கட்டும் ஃபீஸை மட்டும் விலை என்று எல்லோரும் நினைத்தபோது, அவர் வருஷங்களை விலையாகப் பார்த்தார். பட்டறையில் நிற்கக்கூடிய பையனை வகுப்பில் உட்கார வைத்தால், அவன் சம்பாதித்திருக்கக்கூடிய கூலி போகிறது. அதுவும் செலவுதான்.

அவர் அப்படி நினைத்ததற்குக் காலமும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் ஃபிட்டர்கள், டர்னர்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். அரசாங்கமே மாதக் கணக்கில் பயிற்சி கொடுத்து ஆட்களைத் தயார் செய்தது. லேத்தின் முன் நிற்க ஒருவனுக்கு எத்தனை நாள் வேண்டும் என்பதைப் போர் காட்டிவிட்டது. இன்னொரு காரணம் கோவை. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. மில்களுக்கு ஸ்பேர் வேண்டும், தோட்டத்துக் கிணறுகளுக்குப் பம்ப்செட் வேண்டும். ஃபவுண்டரிகளும் பட்டறைகளும் தெருவுக்குத் தெரு முளைத்தன. அந்தப் பட்டறை முதலாளிகள் பலர் தாங்களே கையில் கிரீஸ் படிந்து மேலே வந்தவர்கள். வேலை கேட்டு வருகிறவனிடம் சர்டிபிகேட் கேட்பதற்கு முன் ஒரு இரும்புத் துண்டையும் அரத்தையும் கொடுத்து, "இதைச் சதுரமாக்கிக் காட்டு" என்பார்கள். இந்த ஊரை வைத்துப் பார்த்தால் நாயுடு சொன்னது முழு நியாயம்.

ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு வேலை கொடுத்த பெரிய முதலாளி வேறு. அரசாங்கம். பொதுப்பணித் துறை, மின்சார வாரியம், ரயில்வே, 1955இல் பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எஃப்., 1956இல் நெய்வேலி, 1960களில் திருச்சி பெல், ஆவடி டாங்க் ஃபாக்டரி. இங்கெல்லாம் அரம் கொடுத்துப் பார்க்கிற வழக்கம் மட்டும் போதாது. எந்தப் படி என்பதைக் காகிதம்தான் தீர்மானித்தது. ஐ.டி.ஐ. முடித்தவர் தொழிலாளி. டிப்ளமோ முடித்தவர் சூப்பர்வைசர் அல்லது ஜூனியர் இன்ஜினியர். பி.இ. முடித்தவர் அசிஸ்டெண்ட் இன்ஜினியர். முதல் நாள் எந்தப் படியில் கால் வைத்தாரோ, ரிட்டயர் ஆகும்வரை அதன் நிழல் கூடவே வரும். நல்ல கைத்திறன் உள்ள ஃபிட்டர் வேலை தெரியாத ஏ.இ.க்குக் கற்றுக்கொடுத்ததும் உண்டு, பத்து வருஷம் கழித்து அவருக்கே சல்யூட் அடித்ததும் உண்டு.

ஆக ஒரே படிப்பு, இரண்டு வாசலில் இரண்டு விலை. பட்டறை வாசலில் கைக்கு மதிப்பு. சர்க்கார் வாசலில் காகிதத்துக்கு மதிப்பு.

காகிதத்தைத் தவிர வேறு சாவியே இல்லாதவர்களும் இருந்தார்கள். நாயுடு சர்ச்சைக்குச் சில வருஷங்கள் முன்பு, 1940இல், கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் ஏ. லலிதா என்ற பெண் சேர்ந்தார். பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் பெண் குழந்தை. அவருடைய தந்தை பப்பு சுப்பா ராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். மகள் சொந்தக் காலில் நிற்க ஒரு தொழில் வேண்டும் என்று சேர்த்துவிட்டார். 1943இல் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்த லலிதா சிம்லாவில் மத்திய அரசு வேலைக்குப் போனார். பிறகு கல்கத்தாவில் ஒரு பெரிய மின்சாதனக் கம்பெனியில் வேலை செய்து பக்ரா நங்கல் திட்டத்திலும் பங்குபெற்றார். அந்தக் காலத்தில் எந்தப் பட்டறைக்காரரும் ஒரு பெண்ணை லேத்தில் நிறுத்தியிருக்க மாட்டார். "இரண்டு வருஷம் போதும்" என்ற வாதம் அவருக்குப் பயன்பட்டிருக்காது. முழுப் பட்டம்தான் அவருக்குக் கதவைத் திறந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையனுக்கு 1950களிலும் 60களிலும் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது ஐ.டி.ஐ. 1950இல் மத்திய அரசு தொடங்கிய கைத்தொழிலாளர் பயிற்சித் திட்டத்தில் வந்தது. ஃபிட்டர், டர்னர் எல்லாம் ஏறக்குறைய இரண்டு வருஷம். இரண்டாவது பாலிடெக்னிக், மூன்று வருஷம். எல்.எம்.இ., எல்.சி.இ. என்று போர்டில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வார்கள். கோவையில் பி.எஸ்.ஜி. பாலிடெக்னிக் 1939இலேயே இருந்தது. 1950களில் பொள்ளாச்சி நாச்சிமுத்து, ஆவடி முருகப்பா, சேலம் தியாகராஜர் என்று தொழிலதிபர்கள் ஊர் ஊராகப் பாலிடெக்னிக் கட்டினார்கள். மூன்றாவது பி.இ. பி.யு.சி. ஒரு வருஷம், பிறகு ஐந்து வருஷம், மொத்தம் ஆறு. கோவையில் ஜி.சி.டி.யோடு 1951இல் பி.எஸ்.ஜி. டெக்கும் 1956இல் சி.ஐ.டி.யும் சேர்ந்துகொண்டன.

ஃபீஸ் அன்று பெரிய விஷயம் இல்லை. ஹாஸ்டல் மெஸ் பில்தான் அப்பாக்களின் தூக்கத்தைக் கெடுத்தது. பிறகு டிராயிங் போர்டு, டி ஸ்கொயர், இன்ஸ்ட்ருமென்ட் பாக்ஸ், ஸ்லைடு ரூல், ஒர்க்ஷாப்புக்குக் காக்கி உடுப்பு. எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு எந்த ரசீதிலும் வராது. அது பையன் சம்பாதிக்காமல் இருந்த வருஷங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரூபாயில் போட்டால் காலத்துக்குக் காலம் மாறும். அதனால் புதிதாகச் சேரும் ஃபிட்டரின் மாதச் சம்பளத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். எல்.எம்.இ.க்காரருக்கு ஒன்றரைப் பங்கு, பி.இ.க்காரருக்கு இரண்டு பங்கு. வெளியூர் ஹாஸ்டல், ஃபீஸ் எல்லாம் சேர்த்து மாதம் அரைப் பங்கு. ஐ.டி.ஐ. பையன் வீட்டுச் சாப்பாட்டில் படிக்கிறான். இன்க்ரிமென்ட், வட்டி இவற்றை விட்டுவிடுவோம். எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட அளவுகள்தான்.

மூன்று பையன்களும் 16 வயதில் தொடங்குகிறார்கள். ஃபிட்டர் 18 வயதில் சம்பாதிக்கத் தொடங்குகிறான். எல்.எம்.இ. பையன் 19இல். அவன் ஒரு வருஷக் கூலியை, அதாவது 12 பங்கை இழக்கிறான். 36 மாதச் செலவு 18 பங்கு. மொத்தம் 30. மாதம் அரைப் பங்கு கூடுதலாக வருவதால் 60 மாதத்தில், 24 வயதில், ஃபிட்டரை எட்டிப் பிடிக்கிறான். பி.இ. பையன் 22இல் வேலைக்கு வருகிறான். நான்கு வருஷக் கூலி 48 பங்கு போனது. ஆறு வருஷச் செலவு 36 பங்கு. மொத்தம் 84. மாதம் ஒரு பங்கு கூடுதல் என்றால் ஏழு வருஷம், அதாவது 29 வயதில்தான் ஃபிட்டரோடு சமமாகிறான்.

அதன் பிறகு 58 வயதுவரை கணக்குப் பார்த்தால் ஃபிட்டரைவிட எல்.எம்.இ.க்காரர் 204 பங்கும், பி.இ.க்காரர் 348 பங்கும் கூடுதலாகப் பார்த்திருப்பார்கள். அப்படியானால் பி.இ.தானே உத்தமம்? அவசரப்பட வேண்டாம். பி.இ. முடித்து ஒரு வருஷம் வேலை கிடைக்காவிட்டால் சமமாகும் வயது 29இலிருந்து 31 ஆகிறது. வேலை கிடைத்தும் சம்பளம் இரண்டு பங்குக்குப் பதில் ஒன்றரைப் பங்குதான் என்றால் 36 வயது ஆகிறது. 58இல் மிஞ்சுவது 132 பங்கு. எல்.எம்.இ.க்காரரைவிடக் குறைவு! நீளமான படிப்பில் சின்னச் சறுக்கலுக்கும் பெரிய விலை உண்டு.

இந்தச் சறுக்கல் கற்பனை இல்லை. 1965 போர், அடுத்தடுத்து இரண்டு வருஷ வறட்சி, 1966 ஜூனில் ரூபாய் மதிப்புக் குறைப்பு. நான்காவது ஐந்தாண்டுத் திட்டமே தள்ளிப்போய் 1969வரை வருஷத் திட்டங்களாக ஓடின. அரசாங்க ஆர்டரை நம்பியிருந்த இன்ஜினியரிங் தொழிற்சாலைகள் ஆள் எடுப்பதை நிறுத்தின. நாடு முழுவதும் இன்ஜினியர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். 1968இல் மத்திய அரசு இன்ஜினியரிங் படிப்புகளில் மாணவர் சேர்க்கையையே குறைத்தது. யோசித்துப் பாருங்கள். 1961, 62இல் "நாடெங்கும் அணை, ஆலை" என்று கேள்விப்பட்டு மகனை பி.யு.சி.யில் சேர்த்த அப்பா, அவன் வெளியே வரும்போது என்ன பார்த்தார்? சேரும் நாளின் சந்தையை வைத்து முடிவெடுத்தார். விற்க வேண்டிய சந்தை ஆறு வருஷம் கழித்து வந்தது. இரண்டு வருஷப் படிப்பில் அந்தத் தூரம் குறைவு. நாயுடு பக்கத்துக்கு இது ஒரு வலுவான சான்று.

அடுத்த திருப்பம் 1973இல். எண்ணெய் விலை ஏறியது, வளைகுடா நாடுகள் கட்டிடமும் குழாயும் போடத் தொடங்கின. அங்கே உடனே வேண்டியிருந்தது வெல்டர், ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ. முடித்த வெல்டர் குவைத்திலிருந்து அனுப்பிய பணத்தில் ஊரில் மாடி வீடு எழும்பியது. உள்ளூரில் ஜே.இ.யாக இருந்த அண்ணன் வாடகை வீட்டில் இருந்தார். 1960களில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டிருக்க முடியாது. ஆனால் அந்தப் பணத்துக்கும் வேறு விலை இருந்தது. குழந்தை பிறந்த செய்தி கடிதத்தில் போகும், அப்பா வந்து பார்க்க இரண்டு வருஷம் ஆகும்.

இரண்டு வருஷமா நான்கு வருஷமா என்ற சண்டைக்கு நடுவே, சத்தமில்லாமல் ஒரு மூன்றாவது வழியும் இருந்தது. என் பார்வையில் ஏழைக் குடும்பங்களைத் தூக்கிவிட்டது அதுதான். முதலில் சின்னப் படிப்பு, உடனே வேலை, சம்பாதித்துக்கொண்டே மேல் படிப்பு. 1961இல் வந்த அப்ரண்டீஸ் சட்டம் ஐ.டி.ஐ. பையனுக்கு உதவித்தொகையோடு தொழிற்சாலைக்குள் இடம் கொடுத்தது. 1973இல் அது டிப்ளமோ, பட்டதாரிகளுக்கும் விரிந்தது. டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஏ.எம்.ஐ.இ. இருந்தது. இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் நடத்தும் தேர்வு. செக்ஷன் ஏ, செக்ஷன் பி இரண்டையும் முடித்தால் பட்டத்துக்குச் சமம் என்று மத்திய, மாநில அரசுகள் ஏற்றன. ஷிஃப்ட் முடிந்து வந்து, குழந்தை தூங்கிய பிறகு, பல வருஷம் புத்தகத்தோடு போராடி ஏ.இ. ஆனவர்கள் நம்மில் எத்தனை பேர்! கோவையில் பகுதி நேர பி.இ.யும் இருந்தது. சாயங்காலம் மில்லிலிருந்தும் பவுண்டரியிலிருந்தும் சைக்கிளில் நேராக வகுப்புக்குப் போவார்கள். இவர்கள் கணக்கில் "இழந்த கூலி" என்ற வரியே கிடையாது. இழந்தது தூக்கம்தான்.

பிறகு கணக்கின் தலையெழுத்தே மாறியது. 1978இல் ப்ளஸ் டூ வந்து பி.யு.சி. போனது. பி.இ. நான்கு வருஷமானது. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. நம் பக்கத்தில் அந்த வருஷமே குமரகுரு கல்லூரியும் பெருந்துறையில் கொங்கு கல்லூரியும் வந்தன. இடம் கிடைக்காமல் ஏங்கிய கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதுவரை சின்ன வரியாக இருந்த ஃபீஸ், கணக்கின் முதல் வரிக்கு ஏறியது. தோட்டத்தில் ஒரு ஏக்கர் போனது, அம்மாவின் நகை அடகுக்குப் போனது. 2001க்குப் பிறகு வங்கிகளின் கல்விக் கடன் வந்தது. நான்கு லட்சம்வரை ஜாமீன் சொத்து இல்லாமல் கிடைத்தது. நிலம் தப்பியது. ஆனால் கடன் பையனின் பெயரில் ஏறியது. முன்பு படிப்பு முடித்தவன் பூஜ்யத்தில் தொடங்கினான். இப்போது பூஜ்யத்துக்குக் கீழே தொடங்குகிறான்.

கல்லூரிகள் 500ஐத் தாண்டின. பட்டதாரிகள் பெருகியபோது பல பேருக்கு முதல் சம்பளம் டிப்ளமோக்காரரின் சம்பளத்தை ஒட்டியே நின்றது. நான் மேலே போட்ட "ஒன்றரைப் பங்கு" கணக்கு அவர்கள் வீட்டில் நிஜமானது. பிறகு இடங்கள் காலியாகக் கிடந்து, சில கல்லூரிகள் மூடியதையும் பார்த்தோம்.

இன்று காற்று மறுபடி திரும்பியிருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் ஃபீஸ் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு, செலவை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாணவிகளுக்கும், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதல் மாணவர்களுக்கும் மாதம் 1000 ரூபாய். இந்தப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் என்ற வரி ஏறக்குறைய அழிந்துவிட்டது. மிஞ்சுவது நாயுடு சொன்ன அதே வரி: வருஷங்கள்.

அப்படியானால் நாயுடு சொன்னது சரியா? தொழில் கற்க எத்தனை நாள் வேண்டும் என்பதில் அவர் சரி. வருஷமும் செலவுதான் என்றதில் ரொம்பவே சரி. ஆனால் அவர் சொந்தமாகப் பட்டறை வைத்த மனிதர். காகிதம் கேட்கும் வாசலில் வரிசையில் நிற்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. நம்மில் பெரும்பாலோர் அந்த வரிசையில் நின்றவர்கள்.

பேரப்பிள்ளைகளுக்காக யாராவது என்னிடம் கேட்டால் மூன்று விஷயம் விசாரிக்கச் சொல்வேன். ஃபீஸோடு, சம்பாதிக்காத வருஷங்களையும் கடன் வட்டியையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? அந்தக் கல்லூரியில் அதே பிரிவில் மூன்று வருஷம் முன்பு முடித்த சாதாரண மார்க் பையன் இன்று எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறான்? ஃப்ளெக்ஸ் போர்டில் படம் போட்ட பையனைக் கேட்க வேண்டாம். மூன்றாவது, இடையில் குடும்பத்துக்கு ஒரு கஷ்டம் வந்தால், படித்த அளவை வைத்து வேலைக்குப் போய்ப் பிறகு தொடர வழி இருக்கிறதா? டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரலாம் என்பது பல வீடுகளில் இன்னும் தெரியவில்லை.

பதில்கள் வீட்டுக்கு வீடு மாறும். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளின்படி வாழப்போகிறவன் அவன்தான்.